பாறைமேல் அடுக்கிய வீடு

நம் வயதில் மலை ஏறப் போகிறேன் என்று சொன்னால், பிள்ளைகள் முதலில் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். அதனால் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வந்தேன். உங்களையும் துணைக்குக் கூப்பிடவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. மீதிப் பேருக்கு வலி இருப்பதை ஒப்புக்கொள்ள மனமில்லை. அமிர்தியிலிருந்து இப்போது அடிவாரம் வரை ஷேர் ஆட்டோ போகிறது. மலையில் பாதி தூரத்துக்குச் சிமென்ட் படி போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதி முன்பு இருந்தபடியே முள்ளும் சரளையுமாகக் கிடக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் அகலப் பாறை முழுக்கக் கல் அடுக்கு. முன்பெல்லாம் சுவருக்கு மூன்று கல், கூரைக்கு ஒரு பலகைக் கல், அவ்வளவுதான். இப்போது மாடி மேல் மாடி. ஒருவர் முன்பக்கம் கார் நிறுத்த இடம் விட்டு, காருக்குப் பதிலாக ஒரு கூழாங்கல்லையும் நிறுத்தி வைத்திருந்தார். ஓர் இளம் ஜோடி படுக்கையறை இரண்டா மூன்றா என்று அங்கேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பெருமாள் பாடுதான் திண்டாட்டம். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க அடுக்கலியாம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கு வூடு கீதும்மா" என்றேன்.

பொய்யில்லை. மூன்று அறையும் ஒரு கூடமும் இருக்கின்றன. அதில் நான் ஒருத்தி மட்டும். வாரத்துக்கு ஒருமுறை மற்ற அறைகளைத் திறந்து, பெருக்கி, மூடுகிறேன். அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் அதற்குள் மூன்று படுக்கையறைக்குக் கல் தேடப் போய்விட்டாள்.

எட்டு வயதில் அந்தப் பாறையில் ஒரு பருவம் முழுக்க நான் காவல் இருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். வேறு யாரிடம் ஆரம்பித்தாலும் கைப்பேசியைத் தடவிக்கொண்டே 'ம்' கொட்டுகிறார்கள். நீங்களாவது காது கேட்காவிட்டாலும் கேட்பதுபோலத் தலையாட்டுவீர்கள்.

எங்கள் ஊர் அமிர்திக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவில், ஜவ்வாது மலை இறங்கி வந்து நிற்கிற இடத்தில் இருந்தது. ஏர் ஓட்டினால் மண்ணோடு கல்லும் புரண்டு வரும். அதைப் பொறுக்கி வரப்பில் அடுக்குவார்கள். சேறும் சுண்ணாம்பும் இல்லாமல், ஒரு கல்லை இன்னொரு கல் பிடித்துக்கொண்டு நிற்கும்படி அடுக்கத் தெரியாத கை எங்கள் பக்கம் கிடையாது. அந்தக் கைகளுக்கு வீடு வேண்டுமென்றால், புரட்டாசியில் மலை ஏறி, பாறைமேல் ஒரு குட்டி வீட்டை அடுக்கி வைத்துவிட்டு வருவார்கள்.

அதற்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. என்ன வேண்டிக்கொண்டோம் என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது. ஆண் அடுக்கினால் மேல்துண்டிலிருந்து ஒரு நூலையும், பெண் அடுக்கினால் கையிலிருந்து ஒரு வளையலையும் கூரைக்கல்லுக்கு அடியில் வைக்க வேண்டும். கார்த்திகை மழை முடியும்வரை அடுக்கு நின்றுவிட்டால் வீடு வந்துவிடும். நடுவில் சரிந்தால், வைத்த கைதான் மறுபடி எடுத்து வைக்க வேண்டும். வேறு யாராவது தொட்டால் வேண்டுதல் தொட்டவருக்குப் போய்விடும். அதனால் ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

எங்கள் வீட்டில் பெரியப்பாதான் எல்லாம். நல்ல மனிதர், உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார், பிறர் பேசும்போதும் இவரே பேசுவார். அவருடைய தம்பி என் அப்பா. அண்ணன் சொன்னால் கிணற்றிலும் குதிப்பார். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. நெல் அறைச் சாவியும் புளி, மிளகாய் வைத்த உள்ளறைச் சாவியும் அவள் இடுப்பில்தான் தொங்கும். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்ட எவரும், அந்த வீடு அவளுடையது என்றுதான் நினைப்பார்கள். அம்மா சின்ன மருமகள். நான் அந்த வீட்டின் ஒரே குழந்தை.

அந்த வருடம் ஆலங்காயம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அடிக்கடி வந்து போனார்கள். அவர்கள் வந்தால் பெரியம்மா காபி கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விடுவாள். அங்கே ஒரு பெண் இருக்கிறாள், ஏழைப்பட்ட குடும்பம், இரண்டாம் தாரம் என்றாலும் கொடுப்பார்கள் என்ற பேச்சு என் காதிலும் விழுந்தது. இரண்டாம் தாரம் என்பதை நான் ஏதோ இரண்டாம் வகுப்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை எல்லோரும் மலை ஏறினோம். பெரியப்பாவும் அப்பாவும் கோயிலில் பஜனைக் கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் பிரசாதப் புளியோதரைக்காக வரிசையில் நின்றேன். பெரியம்மாவும் அம்மாவும் மட்டும் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டு வந்தார்கள். அம்மாவின் முந்தானை நுனியில் பாசி ஒட்டியிருந்தது. நான்தான் தட்டிவிட்டேன்.

இறங்கும்போது பெரியப்பா பாறையருகே நின்றார். ஓர் அடுக்கின் கூரைக்கல்லுக்கு அடியில் பச்சை வளையல் ஒன்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்வரி போட்ட பச்சை. ஆடி மாதம் கண்ணமங்கலத்து வளையல்காரரிடம் பெரியப்பாவே வாங்கிக் கொடுத்தது அது. அண்ணன் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்று கடையில் நின்று பேரம் பேசியவர் அவர்தான். அங்கே ஒன்றும் பேசவில்லை. வீடு வந்து சேர்ந்து, கால் கழுவி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஏண்டா, உன் பொண்டாட்டிக்கு இந்த வூட்டுல இன்னா கொறைன்னு கேளு."

அப்பாவுக்குப் புரியவில்லை. "இன்னாண்ணா ஆச்சி?"

"மலை மேல நம்ம வூட்டு வளையலு கீது. தனி வூடு கேட்டு கல்லு வச்சிகீறா. ஊரே அந்தப் பக்கம்தான் போவுது, பாக்காமயா இருப்பாங்க? அண்ணன் தம்பி பிரியறாங்கன்னு நாளைக்கு டீக்கடையில பேச்சு ஓடும்."

தனிக்குடித்தனம் கேட்பவள் சின்ன மருமகளாகத்தான் இருக்க முடியும். இதை யாரும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை, அது அவ்வளவு இயல்பாக இருந்தது. சாவிக்கொத்து வைத்திருக்கும் பெரியவளுக்கு எதற்கு இன்னொரு வீடு? அதனால் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மாவின் கையை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான்.

அப்பா அம்மாவிடம், "நீயா வச்ச?" என்று கேட்டார்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் தூணில் ஒட்டியிருந்த பழைய மஞ்சளை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். பெரியம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

"பேசாம நிக்கிறான்னா இன்னா அர்த்தம்?" என்றார் பெரியப்பா. பேசாமல் நிற்பதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்று நினைத்த தலைமுறை அது.

மூன்றாம் நாள் கண்ணமங்கலத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கொஞ்ச நாள் அக்கா அங்கே இருக்கட்டும், கோபம் தணிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். நானும் என் பாவாடை சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றேன். "பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு. அது இங்கியே இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைத் தடுத்துவிட்டாள். பெரியம்மாவிடம், "பாத்துக்கங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். பேருந்து திரும்பும் வரை நான் அழவில்லை. புழுதி அடங்கிய பிறகுதான் அழுதேன். அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

அம்மா நெற்றிக்கு வைக்கும் சாந்து ஒரு கொட்டாங்குச்சியில் காய்ச்சி ஊற்றியிருக்கும். விரலில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு, அதில் குழைத்து, எனக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் தனக்கு வைத்துக்கொள்வாள். அதை எடுத்துப் போக மறந்துவிட்டாள். நான் அதைத் துணிக்குள் சுற்றி என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். கருகிய ஜவ்வரிசி வாசனை வரும். நாளாக ஆகச் சாந்து வறண்டு, வெடித்து, செதில் செதிலாகப் பெயர்ந்துவிட்டது. தண்ணீர் விட்டுக் குழைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்தக் கொட்டாங்குச்சி பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு கூட்டும்போது யாரோ குப்பையோடு போட்டிருப்பார்கள்.

பெரியம்மாதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். இழுத்துப் பின்னுவாள், கண் இரண்டும் மேலே போய்விடும். வலிக்கிறது என்றால் கொஞ்சம் தளர்த்துவாள், அவ்வளவுதான். பேச மாட்டாள். அப்பா அந்த நாட்களில் வேர்க்கடலைக் காவல் என்று சொல்லி நிலத்திலேயே படுத்துக்கொண்டார். சோறு கொண்டுபோனால், "பள்ளிக்கூடம் போனியா?" என்பார். "போனேன்" என்பேன். பிறகு இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அம்மா எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. அவரும் அம்மா பேச்சை எடுக்கவில்லை, எடுத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் இருக்க வேண்டும். இப்போது நினைத்தால் இருவரையும் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது.

சீத்தாப்பழக் காலம் அது. மலையிலிருந்து கூடை கூடையாக இறங்கும். தவிட்டுக்குள் புதைத்து வைத்தால் இரண்டொரு நாளில் வீடெல்லாம் மணக்கும். அம்மா எனக்குக் கொட்டை எடுத்து ஊட்டுவாள். அந்த வருடம் நானே தின்று, கொட்டைகளைத் துப்பி, வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, தனியாக இருப்பது போலத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு கணக்கு இருந்தது. அம்மா வீடு கேட்டுக் கல் வைத்திருக்கிறாள். கார்த்திகை மழை முடியும்வரை அது நின்றால் அவளுக்கு வீடு கிடைக்கும். வீடு கிடைத்ததும் என்னை அழைத்துக்கொள்வாள். ஆகவே அது விழக் கூடாது. பெரியவர்கள் யாரும் இந்தக் காரியத்தைப் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் நானே பார்த்துக்கொள்ள முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் மலைக்கு ஓடுவேன். சனிக்கிழமைகள் முடிந்த பிறகு அங்கே மனித வாடையே இருக்காது. காற்று மட்டும் பாறை மேல் போய்க்கொண்டே இருக்கும். அம்மாவின் அடுக்கு ஓரமாக இருந்தது. மற்றவற்றைவிடச் சிறியது. மூன்று சுவர், ஒரு கூரை, ஒரே அறை, முன்பக்கம் வாசல். எங்கள் மூன்று பேருக்கு இது போதுமா என்று கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. படுத்தால் அப்பாவின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே என்று யோசித்தேன். மலைக்குள் இன்னும் தூரம் போனால், பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கூரை வைத்த பழங்காலத்துக் கல்வீடுகள் உண்டு. குள்ளர்கள் கட்டியவை என்பார்கள். வேண்டுதலை இவ்வளவு சிறிதாகக் கேட்டால் சாமி அந்த மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

தொடக் கூடாது. தொட்டால் வேண்டுதல் எனக்கு வந்துவிடும், அம்மாவுக்குப் போகாது. அதனால் தொடாமல் காப்பாற்ற வழி தேடினேன். அடுக்கைச் சுற்றி ஒரு முழம் தள்ளி மதில் கட்ட ஆரம்பித்தேன். முதலில் வைத்ததெல்லாம் கவிழ்ந்தது. கல்லுக்கு வயிறு எது, முதுகு எது என்று பார்க்காமல் வைத்தால் கவிழத்தான் செய்யும். வயிற்றைக் கீழே வைத்து, கையை எடுப்பதற்கு முன் உள்ளங்கையில் ஆட்டம் தெரிகிறதா என்று பார்த்து, ஆடினால் ஒரு சில்லை அடியில் செருக வேண்டும். கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். பேச்சுத் துணைக்கு அந்தக் கற்கள்தான். ஒரு கல்லுக்குப் பெயர்கூட வைத்தேன், என்னவென்று இப்போது ஞாபகமில்லை. பொழுது சாயும் முன் மதில் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

நான் தினமும் மலைக்குப் போவது வீட்டில் தெரிந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து கல்லோடு பேசுகிறாள் என்று ஆடு மேய்ப்பவர் யாரோ சொல்லியிருக்கிறார். பெரியப்பா பயந்துபோனார். காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று முடிவு கட்டி, கண்ணமங்கலம் பக்கத்து மசூதிக்கு அழைத்துப் போனார். அங்கே வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் தண்ணீரில் ஓதி என் முகத்தில் தெளித்து, கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். "இன்னாம்மா பயம் உனக்கு?" என்று கேட்டார். பெரியப்பா பக்கத்தில் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பும் வழியில் பெரியப்பா எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அம்மா இருந்த தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நான் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு வந்தேன். "பாரு, இன்னும் முழி சரியில்ல" என்று பெரியப்பா பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னார். எனக்குப் பேய் பிடிக்கவில்லை. அம்மா இல்லை, அவ்வளவுதான். அதை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக விடவேயில்லை. மலை தெரியவில்லை, மேகம் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னை வெளியே விடவில்லை. சன்னலில் உட்கார்ந்து, ஓட்டிலிருந்து கொட்டும் தண்ணீரையே பார்த்தேன். என் மதில் நிற்குமா என்ற கவலையில் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் மழை தூறலாகக் குறைந்ததும், யாரும் பார்க்காதபோது கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் ஓடை. பாறை கறுத்து, வழுக்கி, ஈரக் கல்லின் வாசனை மூக்கை அடைத்தது.

என் மதில் பாதி நின்றது. உள்ளே வீடு சரிந்து கிடந்தது. அதன் எதிரில், கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பெரியம்மா குந்தியிருந்தாள். சரிந்த சுவர்க்கல்லைத் தூக்கி, புரட்டி, வைத்து, கையை எடுக்காமல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாத பெரிம்மா!" என்று கத்தினேன். "அது எங்கம்மாவுது!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு மறுபடி கல்லைப் பார்த்துக்கொண்டு, "வச்ச கைதான் எடுத்து வைக்கணும்" என்றாள்.

நான் புரியாமல் நின்றேன். அவள் பச்சை வளையலைப் பாறையிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, தன் கையில் மாட்டினாள். மற்ற பச்சை வளையல்களோடு அது போய்ச் சேர்ந்துகொண்டது.

"உனக்கு எதுக்கு பெரிம்மா வூடு? நமக்குத்தான் வூடு கீதே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அங்க எனக்கு ஒரு கதவு இல்ல. உள்ள போயி நான் தாப்பா போட்டா, நான் தொறக்கிற வரைக்கும் அது மூடியே இருக்கணும். அந்த மாதிரி ஒரு கதவு."

"எவ்ளோ நேரம்?"

"எனக்குப் போதும்ன்ற வரைக்கும்." பிறகு, "ஆலங்காயத்துப் பொண்ணு வந்துட்டா அப்பால நான் எங்க போறது? எங்கப்பன் ஆத்தாவும் இல்ல. அதான் வச்சேன்" என்றாள்.

"அப்போ எங்கம்மா ஏன் போச்சி?"

அவள் கை நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் கோணிப்பை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, முகம் முழுக்க ஈரம். கூரைக்கல் இன்னும் வைக்கப்படாமல் பக்கத்தில் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "வா, கீழ போலாம்" என்று என் கையைப் பிடித்தாள். இறங்கும் வழியெல்லாம் அந்தப் பிடி தளரவேயில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெரியப்பாவும் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியம்மா களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"மலை மேல கல்லு வச்சது சின்னவ இல்ல. நான்தான்."

பெரியப்பா களியைப் பிட்ட கையோடு அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உனக்கு எதுக்குடி வூடு? சாவியே உங்கிட்டதான கீது. இத்தினி பெரிய வூட்டுல எந்த மூலையில உனக்கு எடம் இல்ல?"

"மூலையெல்லாம் கீது" என்றாள் பெரியம்மா. "வூடுதான் இல்ல."

அதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது. தம்பியின் தோளைத் தட்டி, "பாத்தியாடா? சின்னவள கூட்டியாரணும்னு பழிய தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறா. இன்னா மனசுடா இவளுக்கு! நாம ஆம்பளைங்க, நமக்கு வரல பாரு இந்தப் புத்தி" என்றார்.

அப்பா சாப்பாட்டுக் கையோடு எழுந்து, "அண்ணி..." என்று கும்பிட்டார்.

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன்" என்றாள் பெரியம்மா.

"நான் பாத்தேன்! பெரிம்மாதான் வச்சாங்க, வளையல் அவுங்க கையில கீது!" என்று நானும் கத்தினேன்.

பெரியப்பா என் தலையைத் தடவினார். "கொழந்தைக்கும் சொல்லிக் குடுத்து இட்டாந்துகீறா" என்று இன்னும் உருகிப்போனார். எனக்கு அவரைக் கடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அடுத்ததாக அவர் சொன்னதைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோய்விட்டது. "விடிஞ்சதும் மொத பஸ்ஸுல போயி அவள கூட்டியாடா" என்றார்.

அம்மா வந்துவிட்டாள். பேருந்து நிற்பதற்குள் நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் புடவையில் வேறு வீட்டுச் சோப்பு வாசனை வந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டு வாசலில் பெரியம்மா நின்றிருந்தாள். "வந்துட்டியா" என்றாள். "வந்துட்டேங்கா" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவர்கள் பேசி நான் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒருவர் பக்கத்தை விட்டு ஒருவர் நகரவில்லை.

பெரியம்மாவின் பெருமை ஊரெல்லாம் பரவியது. இப்படிப்பட்ட மகராசி இருக்கும்போது இன்னொருத்தி எதற்கு என்று ஆலங்காயத்துப் பேச்சைப் பெரியப்பாவே நிறுத்திவிட்டார். சாமி அவளுக்குக் கண் திறந்துவிட்டது என்றார்கள். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் எல்லாம், அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பவில்லை. அவளும் அதை மறுபடி சொல்லவில்லை. மலைக்கும் போகவில்லை. கடைசிவரை அந்த வீட்டிலேயே, அந்தச் சாவிகளோடுதான் இருந்தாள். அவள் போன அன்று, "இந்த வூட்ட வுட்டு ஒரு நாளு வெளிய தங்குனதில்ல" என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

வெகு காலம் கழித்து, அம்மாவுக்கு வயதான பிறகு, அவளிடம் கேட்டேன். அன்றைக்கு ஏன் இல்லை என்று சொல்லவில்லை? என்னை விட்டுவிட்டுப் போனாயே? அம்மா ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "எனக்குப் போறதுக்கு ஒரு வூடு இருந்திச்சி. அவுங்களுக்கு இன்னா இருந்திச்சி?" என்றாள். நீ அழுதாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பேசாமல் நிற்பதற்கு எத்தனையோ அர்த்தம் இருந்திருக்கிறது.

அம்மா வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ நடந்தது ஒன்று உண்டு. பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா திரும்பி வந்துவிட்டதால் எனக்கு இனி வேண்டுதல் எதுவும் பாக்கி இல்லை. ஆனால் அவளுக்கு இருந்தது. அது எனக்குத் தெரியும்.

"பெரிம்மா, அந்த வூடு வந்திச்சின்னா என்ன உள்ள வுடுவியா?"

வேறு பெரியவர்களாக இருந்தால், உன்னை விடாமல் யாரை விடுவேன் கண்ணு என்று உடனே கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. கடலையை உடைப்பதை நிறுத்திவிட்டு, நிஜமாகவே யோசித்தாள். அந்த அறையில் எனக்கு இடம் இருக்கிறதா என்று மனத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவது போல இருந்தது.

"பகல்ல வா. சோறு போடுறேன்" என்றாள். "ராத்திரி தங்கக் கூடாது. ராத்திரியில நான் மட்டும்தான்."

"சரி" என்றேன்.

"அப்புறம், வரும்போது கதவத் தட்டிட்டு வா."

அதற்கும் சரி என்றேன். எங்கள் ஊரில் அதுவரை யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.